ஒட்டாத என்வலப்

"இரண்டாம் பக்கத்தை ஆரோ எடுத்திட்டாங்க" என்றாள் கனகாம்பிகை.

மேசையில் ஒரு நீல என்வலப் கிடந்தது. பக்கத்தில் ஒற்றைத் தாள். தாளில் பதினொரு வரி.

குலசிங்கம் தாளை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். திருப்பினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். யாழ்ப்பாணத்துத் தந்திக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். இப்போது கனடாவில், ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு சலவைக் கடைக்கு மேலே, ஒரே ஒரு அறையில், தொலைந்த ஆட்களைத் தேடிக் கொடுக்கிறார். கீழே உடுப்பு உலர்த்தும் மெசின் சுற்றும்போதெல்லாம் மேலே அவருடைய மேசை நடுங்கும்.

"அண்ணை, இன்னும் ஒருக்கா மணந்தியளெண்டால் அது தும்மும்" என்றாள் பாலேஸ்வரி.

பாலேஸ்வரி அவருடைய உதவியாள். காலையில் டோனட் கடையில் வேலை, பிறகு இங்கே. டைப் அடிப்பாள், கார் ஓட்டுவாள், யாரும் கேட்காத கருத்தையும் சொல்லுவாள்.

"நீர் அதை வாசியும்" என்றார் குலசிங்கம்.

அவள் வாசித்தாள். நான் சுகம். அம்மாவும் சுகம். மழை நன்றாகப் பெய்தது. வயல் பரவாயில்லை. பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது. "பத்தாம் திகதி விடிய முதல் பஸ்ஸில் பயணம் வெளிக்கிடுகிறேன். இதைக் கொண்டுவரும் மாமாங்கம் அண்ணனுக்கு மறக்காமல் உன் கையால் ஒரு நேரச் சாப்பாடு கொடு. இப்படிக்கு இராசதுரை."

"மாட்டைப் பற்றி ஒரு வரி. தன்னைப் பற்றி ஒண்டுமில்லை" என்றாள் பாலேஸ்வரி.

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றாள் கனகாம்பிகை.

அவள் மட்டக்களப்புப் பக்கம். மூன்று வருடமாக இங்கே நகரின் கிழக்கு ஓரத்து மல்வேர்னில் இருக்கிறாள். தையல் தொழிற்சாலையில் வேலை. கணவன் இராசதுரை ஊரில் நின்றுவிட்டான். அவனைத் தேடுகிறவர்கள் இருந்தார்கள், அதனால் ஊரில் அவன் ஒரே இடத்தில் இரண்டு இரவு படுப்பதில்லை. ஜனவரியில் கொழும்பிலிருந்து ஒரே ஒரு தடவை போன் எடுத்தான்.

"எங்க நிக்கிறீங்க எண்டு கேட்டன். போனில சொல்ல ஏலா, ஒரு ஆள் கனடாவுக்கு வாறார், அவரிட்ட எல்லாம் குடுத்துவிடுறன் எண்டார். லைன் கட்டாயிற்று." ஸ்வெற்றர் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். வலது மணிக்கட்டில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. "எல்லாம் எண்டு சொன்ன மனுசன் மாட்டைப் பற்றியா எழுதுவார்?"

"பத்தாம் திகதிக்கு என்ன?"

"போன வியாழக்கிழமை எனக்கு ஸ்பொன்சர் சரிவந்திற்று, அண்ணன். அவர் கொழும்பில எம்பசிக்குப் போய் நிண்டாப் போதும். அது அவருக்குத் தெரியா. ஏஜென்சியோட கள்ளப் பாதையில வெளிக்கிடப் போறார். என்ட தம்பியும் போன வருசம் அப்பிடித்தான் வெளிக்கிட்டவன்."

தம்பியிடமிருந்து இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. அறையில் எல்லோருக்கும் விளங்கியது.

குலசிங்கம் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். 1987, பெப்ரவரி ஒன்பது. மணி பதினொன்று. கொழும்பில் பத்தாம் திகதி விடியும்போது இங்கே இன்று பின்னேரம் ஆறரை.

"உங்களிட்டைக் கடிதம் வந்து எத்தினை நாள்?"

"ஆறு நாள். மாமாங்கம் அண்ணன் வந்து இறங்கி ஒன்பது நாள்."

"அவருக்குச் சாப்பாடு குடுத்தனீங்களோ?" பாலேஸ்வரி பகிடியாகத்தான் கேட்டாள்.

"ஓம், புட்டும் மீன்குழம்பும். பெரிய மாஜரின் டப்பாவில போட்டு வின்சன்ற் தம்பியிட்டக் குடுத்துவிட்டன்."

ரொறன்ரோவில் ஊர்க் கடிதம் வருகிற விதம் இதுதான். தபாலில் போட்டால் வழியில் உடைப்பார்கள், அல்லது வராது. ஆகவே யாராவது பிளேன் ஏறினால் ஊரே அவருடைய பையில் கடிதத்தைத் திணிக்கும். அவர் பார்க்டேலில் யாருடையவாவது அப்பார்ட்மென்ரில் வந்து இறங்குவார். அங்கே குசினி மேசையில் கடிதங்கள் இடவாரியாகப் பிரியும். பிறகு எந்தப் பக்கம் யாருக்கு வீடோ ஷிப்டோ அவர் கையில் அந்தக் கட்டுப் போகும். யாரும் கூலி கேட்பதில்லை. பெரும்பாலும் எதுவும் தொலைவதுமில்லை.

"மூண்டு கை" என்றார் குலசிங்கம். "கொண்டுவந்த மாமாங்கம். மேசையில பிரிச்ச ஆள். உங்களிட்டைக் கொண்டுவந்து தந்த வின்சன்ற். பக்கம் இந்த மூண்டு கைக்குள்ளைதான் விழுந்திருக்கு. நீங்கள் வீட்டை போய்ப் போனடியில இருங்கோ."

தந்திக் கந்தோரில் ஒரு சொல் தொலைந்தால் எந்தக் கந்தோரில் தொலைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலையாக இருந்தது. அந்த வழியிலேயே புறப்பட்டார்.

மாமாங்கம் தங்கியிருந்த ஜேம்சன் அவனியூக் கட்டடத்தில் லிப்ற் வேலை செய்யவில்லை. ஒன்பது மாடி ஏறினார்கள். கதவைத் திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒடிசலான மனிதர். காதை மூடிக் கம்பளித் தொப்பி. மட்டக்களப்பு - கல்முனை பஸ்ஸில் இருபத்தினாலு வருடம் கொண்டக்டர். அவர்தான் மாமாங்கம்.

"எத்தினை தாள் இருந்தது?"

"நான் திறந்து பாக்கல்ல."

"என்வலப் ஒட்டியிருந்ததோ?"

"ஒட்டல்ல. வழியில மறிக்கிறவன் எப்பிடியும் திறப்பான். ஒட்டினாக் கிழிப்பான்."

"ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"இந்த வீட்டு மாஸ்ரரிட்ட. வந்த அண்டைக்கே பையைத் தாங்க எண்டு வாங்கி, எல்லாத்தையும் மேசையில பிரிச்சுப் போட்டார்."

"இப்ப மாஸ்ரர் எங்கை?"

"புத்தகம் படிக்கப் போய்ற்றார்."

ஒவ்வொரு பதிலும் ரிக்கற் கிழித்துக் கொடுப்பதுபோல வந்தது. ஒன்று கேட்டால் ஒன்று. மேலதிகமாக எதுவும் இல்லை. குலசிங்கம் கடிதத்தை நீட்டி எழுத்தைக் காட்டினார், திகதியைக் காட்டினார், ஒன்றும் கிடைக்கவில்லை.

"சாப்பாடாவது வந்து சேர்ந்ததோ?" என்று கேட்டாள் பாலேஸ்வரி.

"வந்தது. மீன் நல்லம். ஆரு சமைச்சதோ."

"கனகாம்பிகை அக்காதான்."

"அப்பிடித்தான் சொன்னாங்க." அவர் யன்னலைப் பார்த்தார். கீழே தண்டவாளத்தில் ஸ்ரீட்கார் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. "அந்தப் புள்ளட வீட்டுக்கு என்னைக் கூட்டிற்றுப் போவீங்களா, தம்பி?"

"மல்வேர்ன் பாக்கிறதெண்டால் கோடையில பாக்கவேணும், அண்ணன். இப்ப அங்கையும் இதே பனிதான்" என்றாள் பாலேஸ்வரி.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அவர் திரும்பவும் கேட்டார். "தூரமா அது?"

"ஆறுதலாக் கூட்டிக்கொண்டு போறம்" என்று குலசிங்கம் படியிறங்கினார். மணி பன்னிரண்டு நாற்பது.

பாலேஸ்வரியின் கார் மூன்றாவது தடவையில்தான் ஸ்ரார்ட் ஆனது. ஒரு கதவு வேறு நிறம், ஒரு கண்ணாடிக்குப் பதில் ரேப்.

"இந்தக் காருக்கு அகதிக் கேஸ் போட்டால் முதல் நாளே ஓம் எண்டுவாங்கள், அண்ணை. அவ்வளவு அடி வாங்கியிருக்கு."

குலசிங்கம் சிரிக்கவில்லை. மடியில் என்வலப்பை வைத்து அதன் வாயைத் தடவிக்கொண்டிருந்தார். பசை காய்ந்தபடியே இருந்தது. நாக்கு ஒருபோதும் பட்டதில்லை.

"ரகசியம் அனுப்புற ஆள் ஏன் ஒட்டேல்லை?"

"அதான் அந்தாள் சொன்னாரே, கிழிப்பாங்கள் எண்டு."

"கிழிச்சால் கிழிச்சது தெரியும். ஒட்டாட்டி ஒண்டும் தெரியாது. களவெடுக்கிறவனுக்கு வாசலைத் திறந்து வைச்ச மாதிரி."

மிசிசாகாவில், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் வின்சன்ற் வேலை செய்தான். வீடு மல்வேர்ன். அதனால் அந்தக் கட்டு அவனிடம் போனது. காவலாளி உள்ளே விடவில்லை. இடைவேளை இரண்டே காலுக்கு என்றான். வெளியே ஐம்பது நிமிடம் சேற்றுப் பனியில் நின்றார்கள். குலசிங்கத்தின் சப்பாத்துக்குள் தண்ணீர் போனது. மேலே பிளேன் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருந்தது.

வின்சன்ற் வந்தான். முப்பது வயது, வாயில் சான்ட்விச்.

"ஒரு நாள் முழுக்கக் கடிதம் உம்மட்டை இருந்திருக்கு. திறந்தனீரோ?"

"ஓம், திறந்து வாசிச்சனான்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "ஏன்?"

"ஒட்டாத கடிதம்தானே, அண்ணை. எங்கட ஷிப்டில பதினொரு பேர் கிழக்கு மாகாணம். ஒருத்தனுக்கும் ரண்டு மாசமா ஊரோட லைன் கிடைக்கேல்ல. லஞ்ச் ரூம் மேசையில ஏறி நிண்டு சத்தமா வாசிச்சன். மழை பெஞ்சதெண்டதும் ரண்டு பேர் அழுதிட்டாங்கள்."

"எத்தினை பக்கம் வாசிச்சனீர்?"

"ஒண்டுதான். மற்றப் பத்துப் பேரையும் கேளுங்கோ. மாடு கண்டு போட்டதைத் திருப்பித் திருப்பி மூண்டு தரம் வாசிப்பிச்சாங்கள்."

மற்றப் பத்துப் பேரில் நான்கு பேரைக் கேட்டார்கள். ஒரே தாள், ஒரே மாடு.

காருக்குத் திரும்பும்போது குலசிங்கம் தன் ஈரச் சப்பாத்தால் டயரை ஒரு உதை விட்டார். தந்திக் கந்தோரில் அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"உதைக்காதேங்கோ, அண்ணை. பிறகு அது சாட்சி சொல்லாது. மிச்சம் இருக்கிறது மாஸ்ரர்தான்."

மாஸ்ரர் இராசரத்தினம் ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே இரவில் ஒரு கட்டடத்துக்குக் காவல், பகலில் பல்கலைக்கழக நூலகத்தில் ஆராய்ச்சி. பார்க்கிங் தேட இருபது நிமிடம். அவர் எந்த மாடியில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க இன்னும் பதினைந்து. ஒரு தூணின் பின்னால், புத்தக மதிலுக்குள், தடித்த கண்ணாடி மட்டும் தெரிந்தது. மணி நாலு.

"மாஸ்ரர், கனகாம்பிகையின்ர கடிதம். எத்தினை தாள்?"

"நான் எண்ணேல்லை. ஒட்டாமல் வந்தது, அப்பிடியே மல்வேர்ன் கட்டில வைச்சன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒட்டாமல் வந்தது நல்ல விசயம், தெரியுமோ? என்ர ஆராய்ச்சியும் உதுதான். ஸ்பெயினில நானூற்றி அறுபது வருசத்துக்கு முந்தி நகரங்கள் ராசாவுக்கு எதிரா எழும்பினது. ஒரு நகரம் இன்னொரு நகரத்தோட எப்பிடிக் கதைச்சது?"

"மாஸ்ரர், எங்களுக்கு நேரமில்லை."

"மணியால கதைக்கும். ஒரு மாதிரி அடிச்சால் நெருப்பு, இன்னொரு மாதிரி அடிச்சால் சனம் கூடவேணும். கடிதத்தால கதைக்கும். கடிதம் வந்தால் சந்தையடியில சத்தமா வாசிப்பினம்."

"லஞ்ச் ரூம் மாதிரி" என்றாள் பாலேஸ்வரி. பிறகு குலசிங்கத்தின் காதில், "தாள் எத்தினை எண்டு கேட்டால் ஸ்பெயினைச் சுத்திக் காட்டுறார். விசா எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்."

குலசிங்கம் எழும்பப் போனவர் எழும்பவில்லை. "சத்தமா வாசிப்பினமெண்டால் ரகசியத்தை எப்பிடி எழுதுறது?"

"எழுத மாட்டினம். வழியெல்லாம் ராசாவின்ர ஆக்கள் நிப்பினமே. கடிதத்தில சும்மா நாலு வரி. கடைசியில, இதைக் கொண்டுவாறவரைக் கூப்பிட்டு இருத்திக் கேளுங்கோ, அவர் சொல்லுறது நாங்கள் சொன்னது எண்டு இருக்கும். விசயம் முழுக்க ஆளின்ர வாயில. ஆள் தானே போய்ச் சபைக்கு முன்னால நிக்கவேணும். நடுவில ஆரும் கடிதத்தை மட்டும் வாங்கிக் கை மாத்திவிட்டால் அது வெறும் கடதாசி..."

இராசரத்தினத்தின் வாய் திறந்தபடி நின்றது.

மேசையில் இருந்த தாளின் கடைசி வரியில் குலசிங்கத்தின் விரல் போய் நின்றது. உன் கையால் ஒரு நேரச் சாப்பாடு கொடு.

"சாப்பாடு குடுக்கிறதெண்டால் ஆளை வீட்டுக்குள்ளை கூப்பிடவேணும்" என்றார் மெதுவாக. "இருத்தவேணும். பக்கத்தில நிக்கவேணும். இரண்டாம் பக்கம் எண்டு ஒண்டு இருக்கேல்லை, பிள்ளை. இரண்டாம் பக்கம் ஜேம்சன் அவனியூவில தொப்பி போட்டுக்கொண்டு இருக்குது."

"நான்தான் அந்தாளின்ர கையிலயிருந்து வாங்கினன்" என்றார் இராசரத்தினம். "மல்வேர்ன் ரண்டு பஸ், ஒரு ரெயின், பனி. வந்த மனுசன் ஏன் அலையவேணும் எண்டு நினைச்சன். நாலு தரம் என்னைக் கேட்டவர், கூட்டிக்கொண்டு போகச் சொல்லி. சனிக்கிழமை பாப்பம் எண்டன். உந்த விசயத்தைப் பற்றி நாப்பது பக்கம் எழுதி வைச்சிருக்கிறன்."

"நாப்பத்தியோராம் பக்கத்தில உங்களையும் போடுங்கோ, மாஸ்ரர்" என்றாள் பாலேஸ்வரி. ஆனால் குரலில் பகிடி இல்லை. "எங்களிட்டையும் ரண்டு தரம் கேட்டவர், அண்ணை. நான் கோடையில வாங்கோ எண்டன்."

"கேக்கவேண்டிய ஒரே கேள்வியை நானும் கேக்கேல்லை. தாளைத்தான் எண்ணிக்கொண்டு நிண்டன்."

ஒன்பது மாடியை இந்த முறை குலசிங்கம் நான்கு நிமிடத்தில் ஏறினார். மூச்சு வாங்க, "வாங்கோ, அந்தப் பிள்ளையின்ர வீட்டை போவம்" என்றதும் மாமாங்கம் ஒன்றும் கேட்காமல் கோட்டை எடுத்தார். கோட் ஏற்கனவே கதிரையில் தயாராக இருந்தது. ஒன்பது நாளாக அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

காருக்குள் குலசிங்கம் பொறுக்க முடியாமல் கேட்டார். "என்ன சொல்லிவிட்டவர், அண்ணன்? எங்களிட்டைச் சொன்னால் இப்பவே ஒரு போன் பூத்தில நிப்பாட்டி எடுக்கலாம்."

"என்னட்ட ஒண்டும் இல்ல."

"எங்களை நம்பேல்லையோ?"

"உங்களை எனக்குத் தெரியா தம்பி."

நாலே முக்காலுக்கு நெடுஞ்சாலை முழுவதும் சிவப்பு விளக்கு. ஒரு லொறி குறுக்கே நின்றது. ஐந்தரை. ஐந்தே முக்கால். பாலேஸ்வரி ஸ்ரியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மல்வேர்ன் வாசலில் கனகாம்பிகை கதவைத் திறந்தபோது ஆறு பத்து.

"பிள்ளை, இவருக்குச் சாப்பாடு போடுங்கோ" என்றார் குலசிங்கம்.

"சாப்பாடா? இப்பவா?"

"கேக்காதேங்கோ. உங்கட கையால போடுங்கோ."

மாமாங்கம் குசினி மேசையில் இருந்தார். அவள் ஸ்வெற்றர் கையை மேலே இழுத்துவிட்டு, மத்தியானத்துச் சோற்றை அள்ளி அவருடைய தட்டில் போட்டாள். அவர் சோற்றைப் பார்க்கவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டைப் பார்த்தார். எண்ணெய்ச் சூட்டை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை பார்த்தார்.

"அப்பம் சுட்ட அண்டைக்குப் பட்டதாமே" என்றார்.

கரண்டி அவள் கையில் நின்றுவிட்டது. "கலியாணம் முடிஞ்ச கிழமை. அது அவருக்கும் எனக்கும்தான் தெரியும்."

"சோறு போடுற கையைப் பாரு, அந்த அடையாளம் இருந்தாச் சொல்லு, இல்லாட்டிச் செத்தாலும் சொல்லாத எண்டார். டப்பாவில வந்த சோத்துக்குக் கை இல்லியே, புள்ள." ஒரு பிடி வாயில் வைத்தார், விழுங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பஸ் தரிப்பிடம் கூப்பிடும் அதே குரலில் போன் இலக்கங்களை வரிசையாகச் சொன்னார். கொழும்பில் ஒரு தேத்தண்ணிக் கடை. மாடியில் இராசதுரை. கீழே போன். "ஒவ்வொரு நாளும் விடியக் காலமை நாலரையிலருந்து போனடியில இருப்பன் எண்டார். பத்தாம் திகதிவரைக்கும்."

பாலேஸ்வரி சுவர் போனைச் சுழற்றினாள். எங்கேஜ். திரும்பச் சுழற்றினாள். லைன் போகவில்லை. மூன்றாவது தடவை மணி அடித்தது. ரிசீவரைக் கனகாம்பிகையிடம் கொடுத்தாள். மணி ஆறு இருபத்தைந்து.

அங்கே யாரோ நித்திரைக் குரலில் எடுத்தார்கள்.

"இராசதுரை இருக்காரா? நான் கனடாவிலருந்து."

"இவ்வளவு நேரமும் இதிலதான் இருந்தவர். இப்பத்தான் பையோட இறங்கி பஸ்ஸுக்குப் போறார். நில்லுங்கோ, பாக்கிறன்."

ரிசீவரை அங்கே மேசையில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு ஓடும் செருப்புச் சத்தம். பிறகு ஒரு தெருவின் விடியற்காலை. ஒரு இஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. மாமாங்கம் எழும்பி வந்து, எச்சில் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, ரிசீவரில் காதைக் கொடுத்தார்.

"பஸ் இன்னும் நிக்கிது" என்றார். "கியர் போடல்ல."

எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த முகம் மாறியது. "கொண்டக்டர் ரெண்டு மணி அடிச்சிற்றான்."

"ரெண்டு எண்டால்?" என்றாள் பாலேஸ்வரி.

"போ எண்டு அருத்தம்."

இஞ்சின் சத்தம் உயர்வது தள்ளி நின்ற குலசிங்கத்துக்கும் கேட்டது. இருபத்திரண்டு வருடம் கம்பிகளின் இந்த முனையில் இருந்தவர். அந்த முனையில் நடப்பதை ஒருநாளும் நிறுத்த முடிந்ததில்லை.

மாமாங்கம் கையை உயர்த்தினார். பொறுங்கள் என்பதுபோல. அப்படியே நின்றார்.

"ஒரு மணி" என்றார். கதிரையில் போய் இருந்தார். "நிப்பாட்டிற்றான்."

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. இந்த முறை இரண்டு சோடி. யாரோ ரிசீவரை எடுத்து மூச்சு வாங்கினார்கள். கனகாம்பிகை பேச வாயெடுத்தாள். ஸ்பொன்சர், எம்பசி, போகவேண்டாம், மூன்றில் எதை முதலில் சொல்வது என்று தேடினாள்.

அங்கிருந்துதான் முதலில் குரல் வந்தது.

"மாமாங்கம் அண்ணன் சாப்பிட்டாரா?"

"இப்பத்தான்" என்றாள் கனகாம்பிகை. "பஸ்ஸில ஏறாதீங்க."